ஹோஸ்டிங் எடுக்கும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

ஹோஸ்டிங், அதாவது நம் பிளாக்கை இணையத்தில் வைக்க ஒரு கம்பெனியின் சர்வரில் எடுக்கும் வாடகை இடம், அதைப் பற்றிப் பெங்களூரில் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். இந்த ஊரில் லிஃப்டில் நம்மோடு ஏறுகிறவர், பால் பாக்கெட் வாங்க முன்னால் நிற்கிறவர் எல்லாரும் ஏதாவது ஒரு சர்வரைக் கட்டி மேய்க்கிறவர்கள். வாரத்துக்கு ஒரு பதிவு போடும் சின்ன பிளாக் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “அண்ணா, பேசாம ஏடபிள்யூஎஸ்ல ஒரு இன்ஸ்டன்ஸ் எடுங்க, டாக்கர்ல போடுங்க, முன்னாடி ஒரு லோடு பேலன்சர் வெச்சிடுங்க” என்று ஆரம்பித்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆபீஸில் கோடிக்கணக்கான பேர் வந்துபோகும் ஆப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அதே கண்ணோடு என் பிளாக்கையும் பார்க்கிறார்கள். என் பிளாக்கில் இருப்பதோ டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயில் தமிழ்க் கல்வெட்டுகள், அல்சூர் ஏரிக்கரை, சிவாஜிநகர் மார்க்கெட்டின் மீன் விலை, நடுநடுவே அம்மாவின் குழம்பு வகைகள். இதற்கு எதற்கு, வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோடு பேலன்சர்?

ஆனாலும் பிளாக் வளர்கிறது. கல்வெட்டுப் பதிவுகளை யாரோ வாட்ஸ்அப் குழுக்களில் போட, சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, சமையல் குறிப்பு எழுதும் அல்சூர் அக்கா ஒருவர், “தம்பி, நானும் பிளாக்ஸ்பாட்டை விட்டு வந்துடட்டுமா, எந்தக் கம்பெனில எடுக்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், மாறத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பிளாக்ஸ்பாட் முகவரி தரும் கூகுளின் பிளாக்கரைக் கேவலமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசு கிடையாது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் படுக்காது, பாதுகாப்பு அப்டேட் போடுவது நம் வேலை இல்லை. 2003-ல் கூகுள் அதை வாங்கியதிலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பயம் ஒன்றே ஒன்றுதான்: கூகுளுக்கு எப்போது மனசு மாறும் என்று யாருக்கும் தெரியாது. கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள், கூகுள் பிளஸ்ஸை 2019-ல் மூடினார்கள். அதைவிட நமக்கு நெருக்கமான கதை பிளாக்ஸ்பாட் டாட் இன். 2012-லிருந்து இந்தியாவில் யார் ஒரு பிளாக்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தாலும் டாட் காமை டாட் இன்னாக மாற்றிக் காட்டினார்கள், நாமும் அந்த முகவரியையே காப்பி பண்ணி ஊரெல்லாம் கொடுத்தோம். 2018-ல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். 2020-ல் அந்த டாட் இன் டொமைனே கூகுள் கையைவிட்டுப் போய் வேறு யாரோ பதிவு செய்துகொண்டார்கள். பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் டாட் காமில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்த ஆறு வருடம் பின்னூட்டங்களிலும் மெயில்களிலும் மற்றவர் பதிவுகளிலும் போட்டு வைத்த டாட் இன் லிங்க் அத்தனையும் செத்தன.

அதனால் அக்காவிடம் சொன்ன முதல் விஷயம், ஹோஸ்டிங்கை ஒத்திப்போடுங்கள், இந்த வாரமே ஒரு டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி ஒன்றை, வாங்குங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அதை பிளாக்கரிலேயே மாட்டலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பும் சேர்ந்தே கிடைக்கும், பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். இனிமேல் யார் லிங்க் கொடுத்தாலும் உங்கள் பெயருக்குத்தான் கொடுப்பார்கள், பின்னால் எந்த ஹோஸ்டுக்கு மாறினாலும் அந்தப் பெயர் கூடவே வரும். வளரும் பிளாக்குகளில் பாதிக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

டொமைனை ஹோஸ்டிங் கம்பெனியிடமே வாங்க வேண்டாம். “ஒரு வருடம் டொமைன் இலவசம்” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பிளானை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், பல இடங்களில் அந்த டொமைனின் விலையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். புதிதாகப் பதிவு செய்த டாட் காமை முதல் 60 நாளைக்கு டொமைன் விற்கும் வேறு பதிவாளரிடம் மாற்றவும் முடியாது. ஹோஸ்டோடு சண்டை வந்தால் டொமைனும் அதே பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். தனித்தனி இடத்தில் இருந்தால் ஹோஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் இரண்டு வரி மாற்றினால் போதும்.

சரி, பிளாக்கர் போதவில்லை, தலைப்பு வாரியாக அடுக்க வேண்டும், நல்ல தேடல் வேண்டும், வரைபடம் போட வேண்டும், நாமே ஹோஸ்டிங் எடுத்து அதில் போட்டுக்கொள்ளும் பிளாக் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குத்தான் போகப்போகிறேன் என்று முடிவாகிவிட்டது என்றால் அடுத்து எல்லாரும் செய்வது “சிறந்த 10 ஹோஸ்டிங்” என்று தேடுவது. அந்தப் பட்டியல்களைப் படிக்கலாம், நம்பக் கூடாது. அவர்கள் லிங்க் வழியாக நாம் பிளான் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகிறது, அந்தக் கமிஷன் சில சமயம் நாம் முதல் வருடம் கட்டும் பணத்தைவிட அதிகம். அதிகக் கமிஷன் தருகிறவர் முதலிடத்தில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இன்னொரு வேடிக்கை, பட்டியலில் தனித்தனியாக நிற்கும் பெயர்களில் பல ஒரே முதலாளியுடையவை. என்டூரன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2010-ல் புளூஹோஸ்டை வாங்கியது, 2012-ல் ஹோஸ்ட்கேட்டரை வாங்கியது, பிறகு மும்பையின் டைரக்டி குழுமத்திடமிருந்து பிக்ராக், ரீசெல்லர்கிளப் இரண்டையும் வாங்கியது. 2021-ல் என்டூரன்ஸே வெப் டாட் காமோடு சேர்ந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. இந்தப் பதிவில் நான் இப்போது எந்த ஹோஸ்டில் இருக்கிறேன் என்று சொல்லாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். இன்றைக்கு நன்றாக இருக்கும் கம்பெனியை நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது, இந்தப் பதிவோ ஐந்து வருடம் கழித்தும் தேடலில் வரும்.

விலைக்கு வருவோம், ஏமாற்றுவேலை அதிகம் நடப்பது அங்கேதான். உதாரணத்துக்கு மாதம் 99 ரூபாய் என்று ஒரு பிளான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 99 ரூபாய் நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான். 48 மாதத்துக்கு 4,752, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 5,607 ரூபாய். பொடி எழுத்தில், புதுப்பிக்கும்போது மாதம் 349 என்று இருக்கும். ஐந்தாவது வருடம் ஒரு வருடத்துக்கு மட்டும் ஜிஎஸ்டியோடு 4,942 ரூபாய். முதல் நான்கு வருடத்துக்குக் கொடுத்த பணத்தைக் கிட்டத்தட்ட ஒரே வருடத்துக்குக் கேட்கிறார்கள். அந்தச் சமயத்தில் உங்கள் பதிவு, படம், மெயில், டொமைன் எல்லாம் அவர்களிடம் இருக்கும், மாறுவதற்குச் சோம்பல்பட்டுக் கட்டிவிடுவீர்கள் என்பது அவர்கள் கணக்கு. நான் பிளான்களை ஒப்பிடுவது புதுப்பிக்கும் விலையை வைத்து மட்டும்தான். முதல் விலை என் கண்ணிலேயே படுவதில்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் கட்டுவதும் இல்லை.

“அன்லிமிடெட்” என்ற வார்த்தையையும் இதே சந்தேகத்தோடு படியுங்கள். இடத்துக்கு எல்லை இல்லை என்பார்கள், ஆனால் ஐநோட் என்று ஒரு எல்லை நிபந்தனைகளுக்குள் ஒளிந்திருக்கும். ஐநோட் என்றால் சுருக்கமாக எத்தனை ஃபைல் வைத்திருக்கிறீர்கள் என்ற எண்ணிக்கை. இது வேர்ட்பிரஸ்காரர்களுக்கு முக்கியம். நாம் ஒரு பெரிய போட்டோவை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதிலிருந்து ஆறு அளவுகளில் சின்னப் படங்களைத் தானே செய்துகொள்ளும், 2,560 பிக்சலுக்குக் குறைத்த ஒரு பிரதியையும் வைக்கும், மூலப் படத்தையும் வைத்திருக்கும். ஒரு போட்டோவுக்கு எட்டு ஃபைல். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமும், கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்களும் தங்கள் பங்குக்கு இன்னும் சில அளவுகளைச் சேர்க்கும். ஒரு கல்வெட்டைப் பல கோணத்தில் எடுத்துப் போடும் என்னைப் போன்ற ஆளுக்கு ஒரே பதிவில் நூற்றுக்கணக்கான ஃபைல் சேர்ந்துவிடும், இடம் தாராளமாகக் காலியாக இருக்கும்போதே எண்ணிக்கை முட்டிவிடும்.

பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பிடிஎம் லேஅவுட் பிஜி மாதிரி: கட்டில் உங்களுடையது, கீசர் எல்லாருக்கும் பொது. உங்கள் பிளாக்குக்கு ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலைகள், அதாவது பக்கத்தைக் கட்டித் தரும் வேலைகள், ஓடலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அது பெரும்பாலும் விளம்பரப் பக்கத்தில் இருக்காது. அதைத் தாண்டினால் பல ஹோஸ்டுகளில் 508 என்று ஒரு பிழைப் பக்கம் வரும், வளங்களின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் முன்பு இருந்த ஹோஸ்டில், ஒரு கல்வெட்டுப் பதிவு வாட்ஸ்அப்பில் பரவிய ஞாயிற்றுக்கிழமை காலையில் இதுதான் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் 508 காட்டிவிட்டு, எனக்கு ஒரு மெயில்: உங்கள் தளம் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறது, இரண்டு மடங்கு விலையுள்ள பிளானுக்கு மாறுங்கள். மாறவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் பதிவுகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸைத் தட்டி எழுப்பிப் பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. பதிவு நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. ஒருமுறை கட்டிய பக்கத்தை ஃபைலாக வைத்துக்கொண்டு அதையே எல்லாருக்கும் கொடுக்கும் கேஷ் பிளகின் ஒன்றைப் போட்டால் போதும். இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. அதைப் போட்டபின் அதே பிளானில் அதைவிடப் பெரிய கூட்டமும் வந்துபோனது.

அப்புறம், யார் யார் வந்துபோனார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாகை ஒருமுறை திறந்து பாருங்கள். வருகிறவர்களில் மனிதர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் சிரிப்பு வரும். லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும் பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்), வெளி ஆப்கள் வேர்ட்பிரஸோடு பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் பாட்கள், இப்போது புதிதாக ஏஐ கம்பெனிகளின் பாட்கள். பிளானை உயர்த்துங்கள் என்று ஹோஸ்ட் சொல்லும்போது, உயர்த்தும் பணம் வாசகர்களுக்காகவா பாட்களுக்காகவா என்று தெரிந்துகொண்டு கட்டுவது நல்லது.

சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், போய்வர 140 மில்லிசெகண்ட் என்பது இயற்கை விதித்த குறைந்தபட்சம், நடைமுறையில் 200-ஐத் தாண்டும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும். மும்பையிலோ பெங்களூரிலோ சர்வர் இருந்தால் இதில் சிறு பங்குதான். சர்வர்களை வாடகைக்கு விடும் கம்பெனிகளில், மும்பையில் அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸும் பெங்களூரில் டிஜிட்டல்ஓஷனும் 2016-லேயே வந்துவிட்டார்கள், சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் பலர் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். வாசகர்கள் தமிழ்நாடு, வளைகுடா, சிங்கப்பூர் என்று பரவியிருந்தால் மும்பையும் சரி, சிங்கப்பூரும் சரி. சிங்கப்பூருக்குச் சென்னையிலிருந்து நேராகக் கடலடிக் கேபிள் போகிறது. டொராண்டோ வாசகருக்குக் கொஞ்சம் தாமதமாகும், பக்கத்தின் பிரதியை வாசகருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து கொடுக்கும் சிடிஎன் ஒன்றை முன்னால் போட்டால் அதுவும் குறையும். வாங்கும் நேரத்தில் ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், பின்னால் மாற்றச் சொன்னால் சிலர் அதற்கும் பணம் கேட்பார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. இங்கிலீஷ் ரிவ்யூக்களில் இவை இருக்கவே இருக்காது.

முதலாவது முகவரி. பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அது தமிழைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாக்-போஸ்ட் அடிக்கோடு இருபத்தேழு என்கிற மாதிரி ஒரு முகவரியைக் கொடுக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் வேறு ஒரு சிக்கல். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அது முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்குக் கொடுப்பது மொத்தம் 200 இடம். அதாவது 22 குறியீடு, அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகக் கணக்கில் சேரும். “டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயில் கல்வெட்டுகள்” என்று நான் தலைப்பு வைத்தால் சொக்கநாதசுவாமியோடு முகவரி வெட்டப்பட்டுவிடும். அதே கோயிலைப் பற்றி அடுத்து ஒரு பதிவு எழுதினால் அதற்கும் அதே முகவரி, பின்னால் ஒரு 2 என்ற வாலோடு. அதனால் தலைப்பு தமிழில் எவ்வளவு நீளமாக இருந்தாலும், முகவரிப் பெயரை மட்டும் கையால் சின்னதாக ஆங்கில எழுத்தில் அடித்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு நீளும் லிங்க்கை யாரும் நம்பித் தொடுவதும் இல்லை. தமிழ் முகவரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது, தலைப்பைச் சுருக்கமாக வைத்தால் போதும்.

இரண்டாவது டேட்டாபேஸ். ஹோஸ்ட் மாறும்போது தமிழ்ப் பதிவுகள் குப்பையாகத் தெரிவது அநேகமாக எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும். இதில் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், பதிவுரிமைக் குறி மாதிரி வட்டத்துக்குள் எழுத்துமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பைட்டுகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன, டேட்டாபேஸ் அவற்றை லத்தீன் என்று நினைத்துப் படிக்கிறது, திருத்திவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் தெரிந்தால் அங்கே எழுத்தே இல்லை, அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை. பழைய ஹோஸ்டை உயிரோடு வைத்துக்கொண்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். இன்னொன்று, வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்-8 மூன்று பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழுக்கு அது போதும். ஆனால் ஸ்மைலிக்கு நாலு பைட் வேண்டும், அதனால் சில பழைய அமைப்புகளில் ஸ்மைலி போட்ட இடத்தோடு பதிவு அறுந்து, மீதி காணாமல் போய்விடும். புதிய ஹோஸ்டில் டேட்டாபேஸ் நாலு பைட்டையும் தாங்கும் யுடிஎஃப்8-எம்பி4 தானா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று பைட் என்றதும் தமிழ்ப் பதிவு இடத்தை அடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் சொல் பதிவு முப்பது கேபியைச் சுற்றித்தான் வரும். தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்று, அதனால் சர்வர் சுருக்கி அனுப்பும்போது நன்றாகவே சுருங்கும். போனில் எடுத்த ஒரு போட்டோ 4 எம்பி, அது நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளின் எடை. இடம் போதவில்லை என்று பெரிய பிளானுக்கு ஓடும் முன் படங்களை 1,600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி வடிவத்தில் ஏற்றிப் பாருங்கள், பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் இல்லாமல் வெறும் ஃபைல்களாகவே தளத்தைக் கட்டும் ஹியூகோ, ஜெகில் மாதிரிக் கருவியில் எழுதி கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம், தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதம் 100 ஜிபி வரை அனுமதிக்கிறார்கள். வேகம் அபாரம், ஹேக் செய்ய அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னூட்டம் கிடையாது, போனிலிருந்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதும் சுலபமில்லை. அக்காவுக்கு இதைச் சொல்ல மாட்டேன், லிஃப்டில் வரும் தம்பிகளுக்குச் சொல்வேன். அதிலும், பயன்பாட்டுக்கு ஏற்றபடி பில் போடும் இடமாக இருந்தால் உச்சவரம்பு வைக்க முடியுமா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில், இத்தகைய தளங்களுக்கு இடம் தரும் நெட்லிஃபையில் இலவசத் திட்டத்தில் இருந்த ஒரு சின்னத் தளத்துக்கு, ஒரே ஒரு பாட்டு ஃபைலை யாரோ தொடர்ந்து இழுத்ததால், ஒரு லட்சம் டாலருக்கு மேல் பில் வந்தது. விஷயம் இணையத்தில் பெரிதானபின் கம்பெனி தள்ளுபடி செய்தது. விபிஎஸ், அதாவது நாமே முழுதாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய தனிச் சர்வர் பங்கு, மாதம் ஐந்து ஆறு டாலருக்குக் கிடைக்கிறது, கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். எழுதுவதற்காக எடுக்கிறீர்கள் என்றால் வேண்டாம். பாதுகாப்பு அப்டேட், பேக்கப், நிரம்பி வழியும் லாக், போகாத மெயில் எல்லாம் உங்கள் தலையில் விழும், எழுதும் நேரம் அதில் போய்விடும். பெங்களூரில் ஆறு மாதமாகச் சர்வரைச் சீர்செய்துகொண்டே ஒரு பதிவும் போடாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

கார்டு விஷயம் ஒன்று. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு விதி கொண்டுவந்தது. முறைப்படி இ-மேண்டேட், அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் தரும் ஒப்புதல், பதியாத வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் கார்டிலிருந்து எடுக்க முயன்றால் வங்கி மறுத்துவிடும். ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களின் டொமைன் காலாவதியாவது இப்படித்தான். டாட் காம் காலாவதியானபின் கொஞ்ச நாள் சாதாரண விலையில் புதுப்பிக்க விடுவார்கள், அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குப் பல மடங்கு கட்டணம், அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்ற அன்றே எச்சரிக்கை மெயிலும் வராமல் நின்றுவிடும்.

பேக்கப் பற்றி எல்லா ஹோஸ்டும் பேசும். 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. அங்கே தளம் வைத்திருந்தவர்களில், பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். ஹோஸ்ட் எடுக்கும் பேக்கப் ஹோஸ்டின் வசதிக்கு. நமக்கானது நம் கையில், வீட்டு ஹார்டு டிஸ்கிலோ வேறொரு கம்பெனியின் டிரைவிலோ இருக்க வேண்டும், அதை ஒருமுறையாவது வேறு இடத்தில் விரித்துப் பார்த்துத் தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று சரிபார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்து ஒரு ஹோஸ்டை எப்படிச் சோதிப்பது? பணம் கட்டும் முன் அவர்கள் சாட்டில் போய் வெளியேறுவதைப் பற்றி மட்டும் கேளுங்கள். முழு பேக்கப்பையும் நானே, டேட்டாபேஸோடு, கட்டணமில்லாமல் டவுன்லோட் செய்ய முடியுமா? கணக்கை நிர்வகிக்கப் பல ஹோஸ்டுகளிலும் இருக்கும் சிபேனல் இருக்கிறதா, இல்லை உங்கள் சொந்தப் பேனலா? சிபேனலிலிருந்து சிபேனலுக்கு மாறுவது எளிது, சொந்தப் பேனல் என்றால் கையால்தான் எடுக்க வேண்டும். புதுப்பிக்கும் விலை என்ன, ஐநோட் எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலை ஓடலாம், நடுவில் ரத்து செய்தால் மீதிப் பணம் உண்டா? இதற்கெல்லாம் எண்ணாகப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. “சார், எங்கள் பிரீமியம் பிளானில் எல்லாமே அன்லிமிடெட்” என்று சுற்றிச் சுற்றி அதையே சொல்கிறவர்களும் உண்டு. அத்தகைய இடத்தில் பிரச்சினை வரும் நாளில் இதே ஆள்தான் சாட்டில் இருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட்டுக்குத் தனியாகக் காசு கேட்டால் மேற்கொண்டு பேசவே வேண்டாம், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை 2015-லிருந்து இலவசமாகத் தருகிறது.

நான் கடைசியில் எடுத்தது மும்பையில் சர்வர் உள்ள, புதுப்பிக்கும் விலையும் முதல் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், நடுத்தர விலையுள்ள ஒரு ஷேர்டு பிளான். முதலில் மாதாமாதம் கட்டிப் பார்த்தேன், பிறகு வருடத்துக்கு மாற்றிக்கொண்டேன். பளபளப்பு ஒன்றும் இல்லை, சாட்டில் பதில் சொல்கிறவருக்கு ஐநோட் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

அக்கா மாறும்போது கவனிக்க வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மாறுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை, அதாவது பழைய விவரத்தை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள், அப்போது மாற்றம் சீக்கிரம் எல்லாருக்கும் போய்ச்சேரும். பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு இறக்குமதி செய்யும்போது பதிவும் பின்னூட்டமும் வந்துவிடும், படங்கள் மட்டும் பெரும்பாலும் கூகுள் சர்வரிலேயே இருந்துகொண்டு இங்கே தெரியும். பழைய பிளாக்கை அழித்தால் அவையும் போய்விடும், அதனால் படங்களைத் தனியாக இழுத்துக்கொள்ளும் பிளகின் ஒன்றை ஓட்டுங்கள். பழைய பிளாக்-போஸ்ட் முகவரிகளை அந்த இறக்குமதிக் கருவி ஒவ்வொரு பதிவோடும் குறித்து வைத்திருக்கும், அதைக் கொண்டு புதிய முகவரிக்குத் திருப்பிவிடலாம், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வத்தக்குழம்பு லிங்க்குகள் பிழைத்துவிடும். பழைய பிளாக்கைப் பூட்ட வேண்டாம், அது காசில்லாமல்தான் நிற்கிறது, நிற்கட்டும். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள், லேப்டாப்போடு அல்சூருக்கே வந்துவிடுகிறேன்.